புள்ளி வைத்த இடம்

பேனர் வாசலுக்குள் நுழைய மறுத்தது. நேராகப் பிடித்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்றுகொண்டு, "உங்க பக்கம் தூக்குங்க", "நீங்க முதல்ல இறக்குங்க" என்று பழியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். இருவரும் இணைப்பேராசிரியர்கள். மரச்சட்டம் நிலையில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்ததுதான் மிச்சம்.

கூடத்தில் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பல்செட்டுக்காரர் எழுந்து வந்தார்.

"வெளியிலயே இருக்கட்டும் தம்பி. சுவத்துல சாய்ச்சு வைங்க."

"தலைவர் உள்ளதான் வைக்கச் சொன்னாருங்க ஐயா. அம்மாவுக்குப் பின்னாடி வர்ற மாதிரி. போட்டோ எடுக்கணுமாம்."

அப்போதுதான் அவர் பேனரை முழுசாகப் பார்த்தார். உச்சியில் பல்கலைக்கழகச் சின்னம். அதற்கடுத்துத் துறைத்தலைவரின் பெயர், அவர் வாங்கிய பட்டங்கள், வகிக்கும் பதவிகள், வகித்த பதவிகள். மீந்த இடத்தில் மனைவியின் படம். ஏதோ ஒரு கருத்தரங்கில் யாரையோ முறைத்துக்கொண்டிருந்தபோது எடுத்தது. படத்துக்கு அடியில் மேற்கோள் குறிகளுக்குள் கொட்டை எழுத்தில், 'நானே வாசல்'. அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'அம்மையாரின் இறுதிச் சொற்கள்'.

அவர் பேனரிலிருந்து கண்ணை எடுத்தார். மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்த இரண்டு சொற்களோடு அவள் போட்ட சண்டை ஊரறிந்தது. வாசலம்மை என்று ஒருத்தி பல நூறு வருடங்களுக்கு முன்னால் இருந்தாள். புருஷன் வீட்டுக்குள்ளே திரும்பிப் போகவும் மாட்டேன், தெருவில் இறங்கவும் மாட்டேன் என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டு கடவுளோடு வழக்காடிப் பாடினாள். வீட்டார் அவளைத் தாண்டித் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தார்கள். இருந்தவரைக்கும் வழியை அடைக்கிறாள் என்று திட்டினார்கள். செத்த பிறகு அதே படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இன்றைக்கு அவள் பேரில் ஒரு கலையரங்கம், ஒரு விருது, ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு தலைவலித் தைலம் எல்லாம் இருக்கின்றன. பெண்கள் விடுதி ஒன்றும் இருக்கிறது. இருட்டியதும் அதன் வாசலை இழுத்துப் பூட்டிவிடுவார்கள்.

பாட்டுதான் அதிகம் மிஞ்சவில்லை. ஏட்டைப் பூச்சி தின்றுவிட்டது. அதிலும் கடைசிப் பாட்டின் கடைசி அடியை ருசி பார்த்துத் தின்றிருந்தது. உள்ளேயிருந்து அவன் வா என்கிறான், வெளியேயிருந்து ஊர் போ என்கிறது, நானோ என்று வரும் இடத்தில் ஓட்டை.

பல்செட்டுக்காரரின் மனைவி அந்த ஓட்டைக்குக் காவல் இருந்தவள். பாடல்களைப் பதிப்பித்தபோது தொலைந்த இடங்களில் எல்லாம் புள்ளி வைத்தாள். புள்ளியைத் தவிர வேறு எதையும் வைக்க மாட்டேன் என்றாள். அவள் பாடம் நடத்திய தமிழ்த் துறையில் அவளுக்குப் புள்ளியம்மா என்றே பெயர். பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்தில்கூடச் சந்தேகமான கட்டத்தைக் காலியாக விட்டு, அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுகிறவள்.

எதிர்க்கட்சி ஒருவர். இளம் விரிவுரையாளராக இருந்த காலத்தில், குளித்துக்கொண்டிருக்கும்போது அம்மையே வந்து சொன்னாள் என்று ஈரத்தோடு ஓடிவந்து, 'நானே வாசல்' என்று அந்த ஓட்டையை நிரப்பியவர். புள்ளியம்மா அவருக்கு நிரப்பியார் என்று பெயர் வைத்தாள். பெயர் கேலிக்கு வைத்தது, வரியோ பிடித்துக்கொண்டது. விடுதிச் சுவரில் ஏறியது, விருதுக் கேடயத்தில் ஏறியது, தைல டப்பா மூடியிலும் ஏறியது. புள்ளிகளை யார் சுவரில் எழுதுவார்கள்? எழுதினாலும் பெயிண்டர் தெளித்துவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். அவள் அசரவில்லை. கருத்தரங்குக்குக் கருத்தரங்கு எழுந்து நின்று, "ஏட்டுல எங்க இருக்கு, காட்டுங்க" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டே ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்ற பிறகும் கேட்டாள்.

பல்செட்டுக்காரருக்கு இதில் கட்சி கிடையாது. பல் விழுந்த இடத்தை அடைப்பது அவர் பிழைப்பு. பாட்டில் விழுந்த இடத்தை விழுந்தபடி விடுவது அவள் பிழைப்பு. சாப்பிடும்போது சில நாள் பேச்சு வரும்.

"ஒரு பல்லு போச்சுன்னா பக்கத்துப் பல்லெல்லாம் அந்தப் பக்கம் சாஞ்சிடும். அதான் கட்டறோம்" என்பார்.

"பாட்டு சாயாது."

"சாஞ்சப்புறம் சொல்லு, வர்றேன்."

"உங்களக் கூப்பிட்டா அம்மைக்கு ஒரு செட்டு மாட்டிவிட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பீங்க" என்பாள். இருவரும் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போவார்கள். நல்ல தாம்பத்தியம்தான்.

அப்பேர்ப்பட்டவளின் படத்துக்குக் கீழேதான் இப்போது அந்த வரி இருக்கிறது. வைத்தது யார்? அவர்தான்.

காலையில் நடந்தது அது. பல மாதமாகப் படுக்கை. ராத்திரி முழுக்கத் தூங்கியவள், வெளிச்சம் வந்த பிறகு கண்ணைத் திறந்தாள். அவர் வெந்நீரும் துண்டுமாகக் கட்டிலருகே வந்து நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், அப்படியே கீழே இறங்கி வந்தாள்.

"பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தார். ஆமாம், ஒரு பக்கம் ஏறியிருந்தது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாப் பொத்தானையும் கழற்றி, அடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரியான துளையில் மாட்டிக்கொண்டு வந்தார். வேலை எதுவானாலும் அவர் விரல் நிதானம் தப்பாது. கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு, "இப்ப சரியா?" என்று நிமிர்ந்தார்.

பதில் இல்லை. அவள் முகம் இனி எதிலும் குறை கண்டுபிடிக்க முடியாத முகமாக இருந்தது. நெடுநேரம் அப்படியே நின்றிருந்தார்.

டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துறைத்தலைவரின் போன் வந்துவிட்டது. மேடையில் பேசுகிற குரலிலேயே போனிலும் பேசுகிறவர் அவர்.

"ஐயா, நெஞ்சு உடைஞ்சு போச்சு. இருங்க, பேனா எடுத்துக்கறேன். கடைசி நேரத்துல அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா..."

"என்ன சொன்னாங்க?"

துறைத்தலைவரிடம் பொத்தானைப் பற்றி எப்படிச் சொல்வது? அவர் விழித்தார். இந்தப் பக்கம் டாக்டர், சான்றிதழில் எந்த நேரம் போடட்டும் என்று கையால் கேட்டார்.

"அம்மையோட வரி ஏதாவதா ஐயா? 'நானே வாசலா?'"

"ஆமா, அதேதான்னு வச்சுக்கங்க."

அவ்வளவுதான். வாயைத் திறந்து காத்திருப்பவரைக் கண்டால் எதையாவது வைத்து அடைத்து அனுப்பிப் பழகியவர். கைக்கு இருந்த பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது. துறைத்தலைவர் "ஆகா!" என்றார். துக்க வீட்டுக்குப் போன் செய்தவர் ஆகா என்கிறாரே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"அத்தான், இது என்ன கூத்து?"

மச்சினி முழங்கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது. மனைவியின் ஒரே தங்கை. நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வந்ததும் அக்காவின் காலடியில் உட்கார்ந்து வேண்டிய மட்டும் அழுது முடித்து, முகம் கழுவி, இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பேனரைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார்.

"நான்தான் சொன்னேன்."

"என்னன்னு?"

"போன்ல கேட்டான். ஆமான்னுட்டேன்."

"இந்த வரியவா? அக்காவா சொன்னா?"

"சொல்லல."

மச்சினி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். "கோர்ட்டுல இருந்தப்ப எத்தனையோ பொய்யை எழுத்துப்பிழை இல்லாம டைப் அடிச்சிருக்கேன் அத்தான். செத்தவங்களக் கட்சி மாத்தின ஆள இப்பத்தான் பாக்கறேன்."

"கத்தாத."

"அவ கேட்டா எழுந்து வந்து அடிப்பா. உங்கள இல்ல, என்னைய. பாத்துக்கிட்டா நின்னேன்னு."

"தெரியும்."

"தெரியும்னா போய்ச் சொல்லுங்க."

"சொன்னா சும்மா விடுவானா? அப்ப என்னதான் சொன்னாங்கன்னு அடுத்த கேள்வி வரும். எல்லாவனும் பேனாவோட நிக்கறான் பாரு."

"வரட்டும். அதையும் சொல்லுங்க." குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "என்ன சொன்னா?"

அவர் அடுப்பைப் பார்த்தார். "எனக்குச் சொன்னா."

மச்சினி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவரால் சொல்லியிருக்க முடியாது. வெட்கமெல்லாம் இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அத்தனை வருடம் அந்த வீட்டுக்கு வந்து போனவர்களுக்குக் காப்பி கொடுத்தவர் அவர். அடுத்த மாதமே கருத்தரங்கு போடுவார்கள். பொத்தான் என்பது உடலுக்கும் உலகுக்கும் இடையிலுள்ள வாசல் என்று ஒருவன் கட்டுரை படிப்பான். துளை என்பது வெறுமை என்று இன்னொருவன் மறுப்பான். நடுவில் தேநீர் இடைவேளை விடுவார்கள். அவள் கடைசியாகப் பார்த்தது அவருடைய சட்டையை. அதில் இவர்களுக்கு என்ன வேலை?

பொய்யை எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் அதை வைக்கவும் கூடாது. இதற்கு வழி தெரியாமல் அவர் அடுக்களையில் நின்றுகொண்டிருக்கும்போது வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டது.

"யாரு?"

மச்சினி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "போச்சு. நிரப்பியார்."

நிரப்பியார் தடியை ஊன்றிக்கொண்டு, இரண்டு பேர் தாங்க, படியேறி வந்தார். தள்ளாத வயது. மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டுமே பல்செட்டுக்காரர் கட்டிக் கொடுத்தவை. பற்கள் போன புதிதில் மனிதர் நேராக இந்த வீட்டுக்குத்தான் வந்தார். "ஊர்ல வேற ஆளே இல்லையா? எதிரிக்கு ஆயுதம் செஞ்சு குடுக்கறீங்க" என்றாள் மனைவி. ஆனால் அளவெடுக்கும் அன்றைக்கு அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும் அவள்தான். அதன்பிறகு எந்த மேடையில் அவர் அவளைத் தாக்கிப் பேசினாலும், "உச்சரிப்பு நல்லாருக்கு, உங்க வேலை சுத்தம்" என்று வீட்டுக்கு வந்து பாராட்டுவாள்.

நிரப்பியார் கட்டிலுக்கு முன்னால் நின்றார். கொண்டுவந்த பூக்களை அவள் காலடியில் வைத்தார்.

"சந்தோஷம்மா. இத்தனை காலம் கழிச்சாவது... ரொம்ப சந்தோஷம்."

கூடத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். துறைத்தலைவர் மட்டும் போட்டோகிராபரை ஜாடை காட்டிக் கூப்பிட்டார்.

நிரப்பியார் பல்செட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அழுததில் கீழ்ச்செட்டு ஆடியது. பல்செட்டுக்காரருக்குத் தன்னையறியாமல் கண் அங்கே போனது. ஈறு சுருங்கியிருக்கிறது, அடியில் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"எப்படிச் சொன்னாங்க? ஒரே மூச்சிலயா, விட்டு விட்டா?"

"மெதுவா" என்றார் பல்செட்டுக்காரர்.

மச்சினி பின்னாலிருந்து பலமாக இருமினாள்.

"மெதுவா!" என்று நிரப்பியார் தலையாட்டினார். "எல்லாரும் என்னைத் திருடன்னாங்கய்யா. இட்டுக்கட்டினவன்னாங்க. புகழெல்லாம் வந்துச்சு, இல்லேங்கல. ஆனா உள்ளுக்குள்ள ஒருத்தர் வாயால கேக்கணும்னு இருந்துச்சு. அவங்க ஒருத்தர் வாயால."

அதைச் சொன்ன முகம் தேர்வில் தேறிய பிள்ளையின் முகம் போல இருந்தது. பல்செட்டுக்காரர் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. ஒரு வார்த்தையில் இரண்டு பேரை ஏமாற்றியாகிவிட்டது. ஒருத்திக்குக் கேட்காது. இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பிற்பகலில் அவளை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டுக்கு முன்னால் வண்டி பின்கதவைத் திறந்துகொண்டு நின்றது. பேனர், உள்ளே போகாத கோபத்தோடு, சுவரில் சாய்ந்திருந்தது. துறைத்தலைவர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, ஊதிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். இரங்கல் கூட்டம் தொடங்கிவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. வண்டி ஓட்டுநர் மச்சினியிடம் மெல்ல வந்து, "பேசறவங்க இன்னும் எத்தன பேரும்மா?" என்று கேட்டார்.

"இவரு ஒருத்தரே பத்துப் பேருக்குச் சமம். நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள் அவள்.

துறைத்தலைவர் முதலில் தம்முடைய ஆய்வைப் பற்றிப் பேசினார். அதற்கு அம்மையார் அளித்த ஊக்கத்தைப் பற்றிப் பேசினார். அவள் அளித்த ஊக்கம் என்பது, "இத யார் உங்களுக்கு எழுதிக் குடுத்தாங்க?" என்று கேட்டதுதான் என்பது பல்செட்டுக்காரருக்குத் தெரியும். பிறகு துறைத்தலைவர் குரலை இறக்கிக்கொண்டார்.

"வாழ்நாளெல்லாம் புள்ளி வைத்தவர், இன்று காலை அந்தப் புள்ளிகளைத் தம் வாயாலேயே நிரப்பிவிட்டுச் சென்றிருக்கிறார். இது சாதாரண மரணம் அல்ல. இது ஓர் ஆய்வு முடிவு! ஆகவே, அம்மையார் பதிப்பித்த நூலின் அடுத்த பதிப்பில், இறுதி அடியிலுள்ள புள்ளிகளை நீக்கிவிட்டு, அவர் ஏற்றுக்கொண்ட அந்த வரியையே அச்சிடுவது என்று துறை முடிவு செய்திருக்கிறது."

கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் பாதி தட்டி நிறுத்தினார்கள்.

பல்செட்டுக்காரர் பேனரைப் பார்த்தார். பேனர் வெயிலில் வெளுத்துப்போகும். பேச்சு காற்றோடு போகும். புத்தகம் போகாது. கண் நோகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அவள் காலியாக விட்ட இடம் அது. அதை அவருடைய ஓர் 'ஆமா' அடைத்துவிடப் போகிறது.

"ஒரு நிமிஷம் சார்."

நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று துறைத்தலைவர் ஒலிபெருக்கியைப் பெருந்தன்மையோடு நீட்டினார். அவர் அதை வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"காலைல சார் போன்ல கேட்டாரு. நான் ஆமான்னேன். அது பொய்."

அவர் ஒலிபெருக்கியை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"அவ அந்த வரியச் சொல்லல. உயிரே போனாலும் சொல்ல மாட்டா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "போயிடுச்சு. சொல்லல."

துறைத்தலைவர் தோளில் கை வைத்தார். "ஐயா துக்கத்துல கொஞ்சம் குழம்பியிருக்காங்க..."

"குழம்பினது காலைல சார். இப்ப தெளிவா இருக்கேன்."

"அப்படின்னா... உண்மையில என்ன சொன்னாங்க?"

பல்செட்டுக்காரர் எதிர்பார்த்தபடியே நாலைந்து பேனாக்களின் மூடிகள் திறந்தன. மச்சினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா. அது என்கிட்ட இருக்கு."

"ஐயா, உங்களுக்குத் தெரியாததில்ல. வருங்கால ஆய்வுலகத்துக்கு அது ஒரு..."

"பூச்சி தின்னுடுச்சின்னு வச்சுக்கங்க சார்" என்றார் பல்செட்டுக்காரர். "நீங்க புள்ளி போட்டுக்கங்க."

முதலில் ஒரு மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு மச்சினி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டும் முடியாமல், உடம்பு குலுங்கச் சிரித்தாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த பெண் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதில் இன்னும் சிரிப்பு வந்துவிட்டது.

பல்செட்டுக்காரர் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டு, அத்தனை பேரையும் விட்டு நிரப்பியாரைப் பார்த்தார். நிரப்பியார் தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்க் குனிந்தார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. உங்ககிட்டயும் மெதுவான்னு சொல்லிட்டேன்."

நிரப்பியார் நாக்கால் கீழ்ச்செட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அரை நாள் நல்லா இருந்துச்சுய்யா" என்றார்.

"ஐயா..."

"இல்ல, கேளுங்க. சேதி வந்ததும் நான் நம்பல. அந்தம்மாவாவது, ஒத்துக்கறதாவது! அப்புறம் நம்பினா என்னன்னு தோணிச்சு. நம்பறதுக்கு எனக்கு ஆதாரமா வேணும்? அவங்களுக்குத்தான் வேணும்." தானே சொல்லித் தானே சிரித்தார். "ஆனா கார்ல வரும்போது ஒரு பயம் புடிச்சுக்கிச்சு. இவங்களும் நம்ம பக்கம் வந்துட்டா இனிமே எங்கிட்ட மல்லுக்கு நிக்க யாரு இருக்கா? இதோ, இவனா?" என்று துறைத்தலைவர் இருந்த திசையைத் தாடையால் காட்டினார். "நான் என்ன சொன்னாலும் ஆகாங்கறான்."

பிறகு தடியை ஊன்றி எழுந்து, அவளைக் கிடத்தியிருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார். திரும்பிப் பல்செட்டுக்காரரிடம் பேசியபோது அவர் குரலில் ஏமாற்றத்தைத் தேடினால்கூடக் கிடைத்திருக்காது. சொந்தக்காரரின் பெருமை இருந்தது.

"விட்டே குடுக்கல, பாத்தீங்களா?"

"இல்லீங்க" என்றார் பல்செட்டுக்காரர்.

மச்சினி அதற்குள் அவருடைய பட்டறையிலிருந்து பெரிய கத்தரிக்கோலோடு வந்துவிட்டாள். சட்டத்திலிருந்து பேனரை உருவி, தரையில் விரித்து, படத்துக்கு அடியில் இருந்ததைக் குறுக்கே வெட்டி எடுத்தாள். எழுந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "மேல ஒரேயடியா கனமா இருக்கே. ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் பார்வைக்கு நல்லாருக்கும்" என்று சொல்லிக்கொண்டே துறைத்தலைவரின் பெயர், பட்டங்கள், பதவிகள் எல்லாவற்றையும் ஒரே வெட்டில் நறுக்கினாள். துறைத்தலைவர் வாயைத் திறந்தார். துக்க வீட்டில் அதற்கு என்ன சொல்வது என்று எந்த மேடையும் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கவில்லை. மூடிக்கொண்டார்.

இணைப்பேராசிரியர்கள் இருவரும் மீந்ததை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். இப்போது வாசலுக்குள் அது கச்சிதமாக நுழைந்தது. ஆனால் அவள் வெளியே வந்துவிட்டிருந்தாள்.

"அந்தக் கீழ்த்துண்ட நான் எடுத்துக்கட்டுமா?" என்று நிரப்பியார் மச்சினியிடம் கேட்டார்.

"தாராளமா. உங்க வரிதானே" என்று அவள் சுருட்டிக் கொடுத்தாள். அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஒரு நாள் பட்டறைக்கு வாங்கய்யா. கீழ்ச்செட்டு ஆடுது" என்றார் பல்செட்டுக்காரர்.

"வர்றேன், வர்றேன். கஞ்சிக்குத்தான் ஆளில்ல."

"நான் காய்ச்சறேன்."

டீ குடித்துவிட்டு ஓட்டுநர் வந்துவிட்டார். வண்டி புறப்பட்டது.

போய்விட்டு வந்து, குளித்து, மச்சினி கலந்து கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. துறைத்தலைவர்தான். வருத்தம் ஏதும் அவர் குரலில் இல்லை. பாதி நாளில் இன்னொரு தலைப்பு கிடைத்திருந்தது.

"ஐயா, யோசிக்க யோசிக்க அம்மாவோட மௌனம் எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியுது. அடுத்த மாசமே 'சொல்லாத சொல்'னு ஒரு கருத்தரங்கு ஏற்பாடு பண்றோம். அரங்க வாசல்ல அம்மாவுக்குக் கல்வெட்டு ஒண்ணு வைக்கலாம்னு இருக்கோம். இறுதிச் சொற்கள்னு போட்டு, நீங்க சொன்ன மாதிரி வெறும் புள்ளி. அதுல ஒரு சின்னச் சந்தேகம். மூணு புள்ளியா, அஞ்சு புள்ளியா? இங்க ரெண்டு கருத்து இருக்கு."

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "புத்தகத்துல?"

"புத்தகத்துல அம்மா வச்ச மாதிரியே இருக்கும் ஐயா. அத இனிமே யாரும் தொட மாட்டாங்க."

"அப்ப சரி சார். கல்லுல உங்க இஷ்டம்."

போனை வைத்தார். மச்சினி எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் சொல்ல மாட்டீங்க, இல்ல?"

"மாட்டேன்."

"அவ ஒரே தங்கச்சி நான்."

"ஆமா."

"சரி விடுங்க" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்கிட்டயும் அவளப் பத்தி உங்களுக்குத் தெரியாதது நெறைய இருக்கு."

"இருக்கட்டும்" என்று அவர் சிரித்தார்.

மொட்டை மாடியில் முந்தின நாள் துவைத்துப் போட்ட படுக்கை விரிப்புகள் அப்படியே கிடந்தன. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இருவரும் மேலே போய்க் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மச்சினி இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். அவர் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டார். உதறினார்கள். கிட்டே வந்து முனைகளைச் சேர்த்து, விலகி, மறுபடி கிட்டே வந்தார்கள். விரிப்பு சின்னதாகிக்கொண்டே வந்து கடைசியில் அவர் கையில் நின்றது. காய்ந்த துணியின் மொறமொறப்பு. அடுத்ததை எடுத்தார்கள். பேசாமலே வேலை நடந்தது.

கீழே வாசலில் யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. "யாருன்னு பாத்துட்டு வர்றேன். இன்னும் ஒண்ணுதான் இருக்கு, நான் வந்து புடிக்கறேன்" என்று மச்சினி இறங்கிப் போனாள்.

அவர் மடித்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எதிர் மாடியில் யாரோ தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தட்டி மூடினார்கள். கடைசி விரிப்பைக் கொடியிலிருந்து இழுத்தார். தரையில் புரளாமல் இருக்க நடுவிளிம்பைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் முடிந்த மட்டும் அகல விரித்து, உள்ளே கொண்டுவந்து மடித்தார். ஓரங்கள் சேரவில்லை. அதை அப்படியே மற்றவற்றின் மேல் வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.